நாய் எதற்காகச் சொற்படி கேட்கிறது?

பொழுது புலரும் வேளையில் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் சென்று நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். படகுகள் கரையேறுகின்றன. வலையை உதறுவோரும் மீனைத் தரம் பிரிப்போரும் அங்கே கூடுகின்றனர். அவர்களுக்குச் சற்று எட்டி நாய்கள் சில அமர்ந்திருக்கின்றன. அவை மீன்கூடையின்மேல் பாய்வதில்லை. கழிவு மீனை எந்தக் கை, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் வீசும் என்பதை அறிந்து, அந்தக் கையையே நோக்கியவண்ணம் காத்திருக்கின்றன. இவ்வொழுங்கை அவற்றிற்குக் கற்பித்த ஆசிரியர் எவருமில்லை. ஆயினும் அவை கற்றிருக்கின்றன. நாய் கற்கும் பிராணி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அது எதற்காகக் கற்கிறது, அக்கல்வியை ஊர் நன்மைக்கு நாம் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவையே இப்பாடத்தின் பொருளாகும்.

ஊராட்சி மன்ற அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நாய்ப் பயிற்சியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வினவலாம். நகரத்துச் செல்வர்களின் பொழுதுபோக்கு இது என்று எண்ணுவோரும் உண்டு. அந்த எண்ணம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதை மாற்றிய நிகழ்ச்சியை முதலில் கூறுவோம்.

ஒரு முகாமில் கண்ட பாடம்

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், ஒரு கிராமத்தில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி முகாம் நடத்தினோம். தண்டோரா போட்டோம், மருந்து குளிர்ப்பெட்டியில் வந்து சேர்ந்தது, கால்நடை மருத்துவரும் உரிய காலத்தில் வந்தார். நாய்களும் வந்தன. ஆனால் அவற்றை எவரும் பிடித்து நிறுத்த இயலவில்லை. கயிறு கட்டிப் பழக்கப்படாத நாய்கள் கழுத்து இறுகியதும் துள்ளின. ஒருவர் தம் நாயைக் கழியால் அடித்து நிறுத்த முயன்றபோது, அது அவருடைய கையையே கடித்துவிட்டது. அதைக் கண்டு பலர் தங்கள் நாய்களை அவிழ்த்துக்கொண்டு வீடு திரும்பினர். மருந்தில் பெரும்பகுதி பெட்டியிலேயே மிஞ்சியது. மருந்துக்கும் மருத்துவருக்கும் ஏற்பாடு செய்த நாம், நாயின் மனத்திற்கு ஏற்பாடு செய்ய மறந்தோம். குற்றம் நம்முடையதே.

அன்று ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் மட்டும் கயிறின்றித் தம் நாயை அழைத்து வந்தார். அவர் திண்ணையில் அமர்ந்தார். நாய் அவர் மடியில் தலையை வைத்தது. மருத்துவர் ஊசி போட்டார். நாயின் காது ஒரு முறை அசைந்தது, அவ்வளவுதான். “பாட்டி, இதற்கு என்ன மருந்து வைத்தீர்கள்?” என்று நாம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே வெற்றிலைக்குப் பக்கத்தில், நகத்தளவு கிள்ளிய நெத்திலித் துண்டுகள் இருந்தன. “கூப்பிட்டால் வரும் தம்பி. வந்தால் ஏமாற்றமாட்டேன்” என்றார். இப்பாடத்தின் சாரம் முழுவதும் அவ்விரு சொற்றொடர்களில் அடங்கியிருக்கிறது.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதருக்கு வெறிநோய் வருவது ஏறத்தாழ முற்றிலும் நாய்க்கடியாலேயே. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100-க்கு 70-க்குக் குறையாமல் தடுப்பூசி பெற்றிருந்தால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுபடும். நாய்வழி வரும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டது. ஆனால் 70 நாய்களுக்கு ஊசி போட வேண்டுமாயின், 70 நாய்கள் மனிதக் கைக்கு அடங்கி நிற்க வேண்டும். திட்டம் வெற்றி பெறுவது மருந்துப் பெட்டியில் மட்டும் இல்லை. நாயைத் தொடும் கையிலும் இருக்கிறது.

உணவு: எது பரிசு, எது பரிசன்று?

நாய் நன்றியுள்ள பிராணி என்று நாம் போற்றுகிறோம். அப்படியானால் அது நன்றிக்காகவே சொற்படி கேட்கிறதா? நேற்று இட்ட சோற்றை நினைந்து இன்று பணிகிறதா? அவ்வாறன்று. ஒரு செய்கையை அடுத்து உடனே நல்லது நேர்ந்தால், அச்செய்கையை நாய் மீண்டும் செய்கிறது. நேராவிட்டால் சிறிது சிறிதாகக் கைவிடுகிறது. அமெரிக்க அறிஞர் தார்ன்டைக், பூனைகளைக் கூண்டிலிட்டுச் செய்த சோதனைகளால் இவ்வுண்மையை 1898-இலேயே விளக்கினார். கடற்கரை நாய் கற்றதும் இவ்விதமே.

நல்லது என்பவற்றுள் முதலில் நிற்பது உணவு. ஆனால் எல்லா உணவும் பரிசாகிவிடாது. தினந்தோறும் காலையில் தட்டில் விழும் பழைய சோற்றை நீட்டி “வா” என்றால், நாய் வரலாம், வராமலும் இருக்கலாம். கேளாமலே கிடைப்பதற்காக எவர்தாம் உழைப்பார்? அதே நாய் ஒரு துண்டு வேகவைத்த மீனுக்கோ முட்டைக்கோ ஓடோடி வரும். நாய்களின் ஓட்ட வேகத்தை அளந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, உணவின் அளவைக் கூட்டியதால் நாய்கள் விரைந்து ஓடவில்லை என்றும், சுவையைக் கூட்டியபோது விரைந்தன என்றும் காட்டிற்று. ஆகவே செலவைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. ஒரே ஒரு முட்டையை அவித்துப் பட்டாணியளவு துண்டுகளாக்கினால் ஒரு நாள் பாடத்திற்குப் போதும். நாள்தோறும் புதிதாக அவிப்பதே தூய்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் எளிதிற் கிடைக்கும் உப்புக் கருவாட்டை மிகுதியாகக் கொடுத்தல் கூடாது. உப்பு நாய்க்குத் தீங்கு. உப்பிடாமல் உலர்த்திய சிறு மீனோ, முள் நீக்கி வேகவைத்த மீனோ நன்று. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

எதிர்பார்ப்பு: பரிசுக்கு முன் வரும் பரிசு

ருஷ்ய நாட்டு மருத்துவ அறிஞர் பாவ்லாவ், செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய நாய்கள் உணவு வாயில் விழுமுன்பே, உணவு வருவதை அறிவிக்கும் குறியைக் கண்டதும் கேட்டதும் உமிழ்நீர் சுரந்தன. குறியே உணவின் மதிப்பைப் பெற்றுவிட்டது. பிற்காலத்தில் ஷூல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் மூளையை ஆராய்ந்து, டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், எதிர்பாராத பரிசு வரும்போது கிளர்கின்றன என்றும், பழகிய பின் பரிசை அறிவிக்கும் குறிக்கே கிளர்கின்றன என்றும், வரவேண்டிய பரிசு வராதுபோனால் அடங்கிவிடுகின்றன என்றும் கண்டார்.

இதிலிருந்து குடியானவர் கொள்ள வேண்டிய நீதி யாது? நாயை இயக்குவது வயிற்றில் விழும் துண்டு மட்டுமன்று. “இதோ வரப்போகிறது” என்னும் நம்பிக்கையும் ஆகும். எனவே ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும். “சபாஷ்” என்றோ “சரி” என்றோ இருக்கலாம். அச்சொல்லைக் கூறி உடனே துண்டைக் கொடுத்துவர, சில நாட்களில் அச்சொல்லே நாயின் கண்ணில் ஒளி ஏற்றும். வீட்டார் அனைவரும் அதே சொல்லை ஆள வேண்டும். தந்தை ஒரு சொல்லும் மகன் வேறொரு சொல்லும் கூறினால், நாய் எதை நம்பும்?

அந்த நம்பிக்கையைக் கெடுப்பதும் எளிது. “வா” என்று அழைத்து, வந்தவுடன் சங்கிலியில் பூட்டுவோர் பலர். கோழியைத் துரத்திய நாயை அழைத்து, அது அருகில் வந்ததும் அடிப்போரும் உளர். அடிப்பவர் எண்ணுவது கோழிக்காக அடித்தோம் என்று. நாய் அறிவது வந்ததற்காக அடிபட்டோம் என்று. அடுத்த முறை அது வாராது. பின்னர் அதைக் கேளாத நாய் என்று வைவதில் பயனில்லை.

கையும் குரலும்

உணவு ஒன்றே நாயை இயக்குமாயின் பரிசு தீர்ந்ததும் பணிவும் தீர்ந்துவிடும். உண்மை அவ்வாறில்லை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ன்ஸ் என்பவரும் உடனாய்வாளரும் 15 நாய்களைக் கட்டாமல், மயக்க மருந்தும் கொடாமல், மூளைப் படக்கருவிக்குள் அசையாது படுத்திருக்கப் பழக்கினர். உணவை எதிர்நோக்கும்போதும் உரிமையாளரின் பாராட்டை எதிர்நோக்கும்போதும் மூளையின் பரிசுப் பகுதி எவ்வளவு கிளர்கிறதென அளந்து 2016-இல் வெளியிட்டனர். பெரும்பாலான நாய்களுக்குப் பாராட்டும் உணவும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. சிலவற்றிற்குப் பாராட்டே உயர்ந்தது. இரண்டே நாய்கள் உணவின்பால் மிகுதியும் சாய்ந்தன. நாய்க்கு நாய் விருப்பம் வேறுபடும் என்பதே இதன் கருத்து. வேறு ஆய்வுகளில், உணவா தடவலா என்றபோது பெரும்பாலான நாய்கள் உணவையும், தடவலா வெறும் வாய்ப்புகழ்ச்சியா என்றபோது தடவலையும் நாடின. வெறுஞ்சொல் நாய்க்குப் பெரிதன்று. சொல்லோடு கையும் சேர வேண்டும்.

நம் நாட்டிற்கு மிகவும் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேபோத்தம் பட்டாச்சார்ஜி, அனிந்திதா பத்ரா ஆகியோரும் குழுவினரும் மேற்கு வங்காளத்துத் தெருநாய்களை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். அறிமுகமில்லாத மனிதர் கையிலிருந்து உணவை வாங்க அந்நாய்கள் தயங்கின. தரையில் வைத்த உணவையே நாடின. பின்னர்ச் சில நாய்களுக்கு ஒருவர் மீண்டும் மீண்டும் உணவளித்துப் பழகினார். வேறு சில நாய்களை மீண்டும் மீண்டும் தலையில் மென்மையாகத் தடவிப் பழகினார். முடிவில் மனிதரை மிகுதியும் நம்பியவை தடவப்பட்ட நாய்களே. தெருநாய்க்கு உணவு குப்பையிலும் கிடைக்கும். அன்பான கை குப்பையில் கிடைப்பதில்லை. அரிதாகக் கிடைப்பதற்கே அதனிடம் மதிப்பு மிகுதி போலும். ஊசிக்காக நாயைப் பழக்குவோர் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

துரத்தல்: நாம் கொடாத பரிசு

நாம் கொடாவிட்டாலும் நாய் தானே எடுத்துக்கொள்ளும் பரிசுகளும் உள. அவற்றுள் முதன்மையானது துரத்தல். நம் மாநிலத்துச் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அவற்றிற்கு ஓடுவதே இன்பம். காவல்துறையின் மோப்ப நாய்கள் பலவற்றிற்குப் பொருளைக் கண்டுபிடித்ததற்குப் பரிசு ஒரு பந்தே.

ஆட்டைத் துரத்தும் நாயின் கதையும் இதுவே. ஆடு ஓடுகிறது, நாய் மகிழ்கிறது. அம்மகிழ்ச்சியே பரிசாகி நாளையும் துரத்தச் செய்கிறது. கடற்கரையில் பங்குனி ஆமை இட்ட முட்டைகளைத் தோண்டும் நாயும், கறிக்கடைக் கழிவு கொட்டும் மேட்டில் கூட்டமாகத் திரியும் நாய்களும் அவ்விதமே கற்றவை. குப்பைமேடும் ஓர் ஆசிரியர்தான். அதன் பாடத்தை நிறுத்துவது ஊராட்சியின் கடமை. கழிவை அன்றன்றே அகற்றாமல் நாய்களை மட்டும் குறை கூறுதல் முறையன்று. ஆட்டை ஒரு முறை கொன்று சுவை கண்ட நாயைப் பரிசினால் மட்டும் திருத்திவிடலாம் என்று நாம் உறுதி கூறமாட்டோம். அதைக் கட்டி வைத்தே காக்க வேண்டும். ஆனால் குட்டியாக இருக்கும்போதே நீண்ட கயிற்றில் பிடித்து, ஆட்டை நோக்கிய பார்வையைத் திருப்பி நம் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் துண்டு கொடுத்து வந்தால், அந்த ஆசையைப் பெரிதும் அடக்கலாம்.

கழி ஏன் உதவாது?

“அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அடித்தால் நாய் அடங்குவது உண்மையே. ஆனால் அடங்குதல் வேறு, கற்றல் வேறு. போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான முடிவின்படி, தண்டித்துப் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போது பதைப்பின் அறிகுறிகளை மிகுதியும் காட்டின. பதைப்பைக் காட்டும் சுரப்பும் அவற்றின் உமிழ்நீரில் ஏறியிருந்தது. இன்னுமோர் அபாயம் உண்டு. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. உறுமல் என்பது கடிக்குமுன் அது தரும் அறிவிப்பு. அறிவிப்பை அடித்து அடக்கினால், அறிவிப்பின்றிக் கடிக்கும் நாய் ஒன்றே நமக்கு மிஞ்சும். அதன் அருகில் விளையாடுவது நம் குழந்தைகள்.

முகாமுக்கு முன் நான்கு வாரப் பாடம்

ஊராட்சியில் தடுப்பூசி முகாமின் நாள் குறித்தவுடன், அதற்கு நான்கு வாரம் முன்பே நாய் வளர்ப்போரைக் கூட்டிப் பின்வரும் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம், இரு வேளை போதும். உணவு நேரத்துக்கு முன்பு, நாய் பசித்திருக்கும்போது தொடங்குவது நலம்.

1. முதல் வாரம்: நாயின் பெயரைச் சொல்லி அழைக்க. வந்தவுடன், ஒன்றிரண்டு விநாடிக்குள், தேர்ந்த சொல்லைக் கூறித் துண்டு கொடுக்க. காலம் தாழ்த்தினால் எதற்குப் பரிசு என்று நாய் அறியாது. கொடுத்தபின் அதைக் கட்டாமல் போகவிடுக.

2. இரண்டாம் வாரம்: வந்த நாயின் தோள், கழுத்து, முதுகு ஆகியவற்றைத் தொட்டுத் துண்டு கொடுக்க. கழுத்தில் தளர்ந்த பட்டையோ மெல்லிய கயிறோ கட்டிப் பழக்குக.

3. மூன்றாம் வாரம்: கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்துத் துண்டு கொடுக்க. மழுங்கிய குச்சியின் முனையால் அவ்விடத்தை இலேசாக அழுத்திப் பழக்குக. நாய் விலகினால் முந்தின படிக்கே திரும்புக, வலிந்து பிடியாதிருக்க.

4. நான்காம் வாரம்: முகாம் நடக்கும் இடத்திற்கே அழைத்துச் சென்று, வேற்றாள் ஒருவர் அருகில் நிற்கும்போது அதே பாடத்தை நடத்துக. இப்பொழுது ஒவ்வொரு முறையும் துண்டு வேண்டுவதில்லை. இடையிடையே கொடுத்தால் போதும். எப்பொழுது கிடைக்குமோ என்னும் ஆவல் பழக்கத்தை நிலைப்படுத்தும்.

முகாமன்று ஊசி போட்டவுடன் மிகச் சிறந்த துண்டைக் கொடுக்க மறவாதீர். அடுத்த ஆண்டும் அதே நாய் அதே இடத்திற்கு வர வேண்டுமல்லவா? குட்டிகளுக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், பின்னர்க் கால்நடை மருத்துவர் கூறும் தவணைகளும் தவறாமல் போட வேண்டும்.

உரிமையாளரற்ற நாய்களைப் பற்றியும் ஊராட்சிக்குப் பொறுப்புண்டு. பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மேல் வைத்துள்ளன. ஒவ்வொரு தெருவிலும் இந்நாய்களுக்குச் சோறிடும் ஒருவர் இருப்பார். அவரை அறிந்து, மேற்கண்ட பாடத்தை அவருக்கே கற்பித்து, முகாமன்று அவரை உடன் நிறுத்திக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. அறியாத நாயை எவரும், குறிப்பாகக் குழந்தைகள், தொட முயலுதல் கூடாது. எந்த நாய் கடித்தாலும், தடுப்பூசி போட்ட நாயே ஆயினும், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் தடவிக் காலத்தை வீணாக்கலாகாது. மருத்துவர் குறிக்கும் தவணைகளில் ஒன்றையும் விடலாகாது.

கடற்கரையில் காத்திருக்கும் நாய் கையை நோக்குகிறது. அக்கையிலிருந்து இதுவரை வந்தது மீனாயின் அருகே வரும். கல்லாயின் விலகி ஓடும். இரண்டில் எதை அது கற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நாமே. பொம்மையார்பாளையத்திலும் அதுபோன்ற ஒவ்வோர் ஊரிலும், அடுத்த முகாமுக்கு வரும் மக்களின் கையில் கழிக்குப் பதிலாக ஒரு சிறு துண்டு மீன் இருக்குமாயின், மருந்துப் பெட்டி வெறுமையாகத் திரும்பும். ஊர்க் குழந்தைகள் அச்சமின்றித் தெருவில் நடப்பர்.